எக்ஸ்ரே நார்மல், ஆனா பையன் இன்னும் நொண்டுறான்

போன இதழ்ல, ஓடுற பசங்களுக்கு விழாம அடிபடாமலேயே இடுப்புக்கிட்ட எலும்புல விரிசல் விழலாம், அதுக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு பேருன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல. பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது, "எக்ஸ்ரே எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னுட்டாங்க, ஆனா..." அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அந்த "ஆனா"வுக்குத்தான்.

கேள்வி: என் பையனுக்கு 12 வயசு, லாங் டிஸ்டன்ஸ் ஓடுறான். மூணு வாரமா தொடை இடுக்குல வலிங்கறான். ஓடினா ஜாஸ்தியாகுது, உட்கார்ந்தா குறையுது. எங்கயும் விழல. எக்ஸ்ரே நார்மல். ஒரு வாரம் ரெஸ்ட் கொடுத்து திரும்ப ஓடினதும் அதே வலி, இப்ப லேசா நொண்டவும் செய்றான். இன்னொரு டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றார். எக்ஸ்ரேல இல்லாதது எம்ஆர்ஐல மட்டும் எங்கேர்ந்து வரும்? (ஒரு அம்மா)

பதில்: எம்ஆர்ஐ எடுக்கற வரைக்கும் பையன ஓட விடாதீங்கம்மா, இத முதல்ல சொல்லிடறேன், மத்தத அப்புறம் படிங்க. ஓட்டம், குதிக்கறது, மாடிப்படில தடதடன்னு இறங்கறது எதுவும் வேண்டாம், நொண்டுறான்னு சொல்றீங்க, அதனால வலிக்கற காலை ஊனாம இருக்க க்ரட்ச் (ஊன்றுகோல்) கொடுங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்தா கொஞ்ச நாள் ப்ராக்டீஸ் போச்சு, அவ்ளோதான்.

இப்ப உங்க கேள்வி. எலும்பு ஒரு தடவை செஞ்சு வச்சதோட முடிஞ்சு போற பொருள் இல்ல, தினம் தினம் பழசு கொஞ்சம் சுரண்டி எடுக்கப்பட்டு புதுசு பூசப்பட்டுட்டே இருக்கும். சுரண்டுற வேலை வேகமா நடக்கும், பூசுற வேலைக்கு மாசக்கணக்குல ஆகும். திடீர்னு ஓட்டத்த கூட்டினா சுரண்டினது முன்னாடி போயிடும் பூசறது பின்னாடி நின்னுடும், நடுவுல அந்த இடம் பலவீனமா இருக்கும்போதே மறுபடி மறுபடி பாரம் விழுந்தா கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒண்ணு சேர்ந்து விரிசலாகும். எக்ஸ்ரே பாக்கறது எலும்புல இருக்குற கால்சியத்த. ஆரம்பத்துல கால்சியம் பெருசா மாறியிருக்காது, அதனால முதல் ரெண்டு மூணு வாரம் படம் சுத்தமா நார்மலா இருக்கும், சில பேருக்கு அதுக்கு அப்புறமும் ஒண்ணுமே தெரியாது. அப்புறமா ஆற ஆரம்பிக்கும்போது குறுக்க ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரியும், அதாவது எக்ஸ்ரேல நாம பாக்கறது பல சமயம் விரிசல இல்ல, உடம்பு அத ஒட்டவச்ச தழும்ப.

எம்ஆர்ஐ பாக்கறது தண்ணிய. எலும்புக்கு உள்ள மஜ்ஜை இருக்கு, அதுல கொழுப்பு நிறைய. விரிசல் விழற இடத்துல முதல் சில நாள்லயே நீர் கோத்துக்கும். கொழுப்போட வெளிச்சத்த அமுக்கிட்டு நீர மட்டும் பளிச்சுன்னு காட்டுற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, ஸ்டிர்னு சொல்வோம், அதுல அந்த இடம் வெள்ளையா எரியும். கூடவே டி1னு இன்னொரு வகைப் படம் எடுப்போம், அதுல விரிசல் இருந்தா கறுப்புக் கோடா தெரியும். வெள்ளை மட்டும் இருந்து கோடு இல்லன்னா அது ஸ்ட்ரெஸ் ரியாக்‌ஷன், எலும்பு கெஞ்சுற நிலை. கோடும் இருந்தா ஃப்ராக்சர். அதனால ரெண்டு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு முரணா பேசல, வேற வேற பொருளப் பாக்குது.

இடுப்புல ஏன் இவ்ளோ அவசரம்னா, தொடை எலும்போட தலைப்பகுதி பந்து மாதிரி கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்திருக்கு, பந்தையும் தண்டையும் சேர்க்கற குறுகலான பகுதிய கழுத்துன்னு சொல்றோம். பழம் தொங்குற கிளைய நினைச்சுக்கோங்க, பாரம் இழுக்கும்போது கிளையோட மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். கழுத்தும் அப்படித்தான். விரிசல் அடிப்பக்கம்னா நடக்க நடக்க ரெண்டு விளிம்பும் அழுந்தும், ஊனாம இருந்தா பெரும்பாலும் தானா ஒட்டிக்கும். மேல்பக்கம்னா ஒவ்வொரு அடிக்கும் வாய் திறக்கும், முழுசா உடைஞ்சு விலகற அபாயம் அதிகம், அதுக்கு ஸ்க்ரூ போட வேண்டி வரலாம். பந்துக்குப் போற ரத்தக் குழாய்கள் இந்தக் கழுத்த ஒட்டித்தான் ஏறிப் போகுது, எலும்பு விலகினா குழாய் கிழிஞ்சு பந்து செத்துப் போகலாம், வளர்ற பையனுக்கு அது ஆயுசுக்கும் இடுப்புப் பிரச்சனை. குழந்தைங்களுக்கு இந்த இடத்துல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வர்றதே அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் அடிப்பக்கம்தான், அது ஒரு நிம்மதி. ஆனா எந்தப் பக்கம், எவ்ளோ ஆழம்னு எம்ஆர்ஐ பாத்துத்தான் சொல்ல முடியும்.

ஒண்ணு சொல்லணும். பல வருஷம் முன்னாடி நானே ஒரு பொண்ணோட எக்ஸ்ரேக்கு நார்மல்னு ரிப்போர்ட் எழுதினேன். தப்பா எழுதல, படத்துல நிஜமாவே ஒண்ணுமில்ல. ஆனா "வலி தொடர்ந்தா எம்ஆர்ஐ தேவை"ன்னு ஒரு வரி சேர்க்காம விட்டுட்டேன், அவங்க நார்மல்ங்கற வார்த்தைய நம்பி இன்னும் ஒரு மாசம் ஓட விட்டாங்க. திரும்பி வந்தப்ப விரிசல் கழுத்துல பாதி தூரம் போயிருந்துச்சு. நல்லவேளை ஒட்டிடுச்சு. அன்னியிலேர்ந்து அந்த வரிய நான் விட்டதில்ல, உங்க ரிப்போர்ட்ல அது இல்லன்னாலும் இருக்கறதா நினைச்சுக்கோங்க.

கேள்வி: நான் பி.டி. டீச்சர். பசங்க வலின்னு சொன்னா பாதி நேரம் சுளுக்குதான். எப்ப டாக்டர்கிட்ட அனுப்பணும்? ஒத்தக் கால்ல குதிக்கச் சொல்லி வலிக்குதான்னு பாத்தா தெரியும்னு ஒருத்தர் சொன்னார், செய்யலாமா?

பதில்: குதிக்க வைக்காதீங்க சார். ஆஸ்பத்திரில சில டாக்டர்ங்க அப்படி டெஸ்ட் பண்றது உண்டு, ஆனா இடுப்பு விரிசல்னு சந்தேகம் இருக்கும்போது கிரவுண்டுல வச்சு அத செய்யறது இருக்கற விரிசல நாமே பெருசாக்கற மாதிரி.

அதுக்குப் பதிலா கேள்வி கேளுங்க. வலி ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல வந்து நிறுத்தினா குறையுதா, நாளாக ஆக இன்னும் சீக்கிரமா வருதா, கடைசி ஆறு வாரத்துல தூரத்தையோ நாட்களையோ கூட்டினீங்களா, லீவு முடிஞ்சு வந்ததும் நேரா ஃபுல் ப்ராக்டீஸா, ஷூ மாத்தினானா, தரை மாறிச்சா. சுளுக்குன்னா எந்த நொடில பிடிச்சுதுன்னு பையனே சொல்லிடுவான். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்ல "எப்போன்னு தெரியல சார், மெதுவா வந்துச்சு"ம்பான். தொடை இடுக்குல வலி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தாலோ, ஒரு நாள் நொண்டினாலும் சரி, அன்னிக்கே நிறுத்தி அனுப்பிடுங்க.

இந்த வியாதியோட கதையே அப்படித்தான் ஆரம்பிச்சது. 1855ல பிரெய்ட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ டாக்டர், நீளமா அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்கு அடிபடாமலே பாதம் வீங்கி வலிக்குதுன்னு எழுதி வச்சார். உள்ள எலும்புதான் விரிஞ்சிருக்குன்னு தெரிய, 1895ல எக்ஸ்ரே வந்து, அப்புறமும் ரெண்டு வருஷம் ஆச்சு. அத்தனை வருஷமும் அந்த வலி நிஜமாத்தான் இருந்துச்சு, காட்டத்தான் படம் இல்ல. உங்க மாணவன் வலிக்குதுன்னு சொல்லும்போதும் அப்படியே எடுத்துக்கோங்க.

கேள்வி: 13 வயசுப் பையன், கொஞ்சம் குண்டு. ரெண்டு மாசமா முட்டி வலி. முட்டிய ரெண்டு தடவை எக்ஸ்ரே எடுத்தாச்சு, நார்மல். இப்ப புதுசா பாத்த டாக்டர் இடுப்பு எக்ஸ்ரே எழுதியிருக்கார். வலி முட்டில இருக்க இடுப்ப எதுக்கு எடுக்கணும்?

பதில்: தயவுசெஞ்சு இன்னிக்கே எடுங்க, நடக்க வைக்காம வீல் சேர்ல கூட்டிட்டுப் போங்க. இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்போட கிளைகள் போகுது, அதனால இடுப்புல இருக்கற கோளாறு முட்டில வலியா தெரியும், சில பசங்க இடுப்பு வலிக்குதுன்னு ஒரு தடவை கூட சொல்ல மாட்டாங்க.

உங்க பையன் வயசுல, அதுவும் எடை கூடுன பசங்களுக்கு, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர விட முதல்ல யோசிக்க வேண்டியது வேற, தொடை எலும்போட பந்து, வளர்ச்சித் தட்டுலேர்ந்து, அதாவது எலும்பு நீளமா வளர்ற இடத்துலேர்ந்து, சறுக்கி இறங்கறது. இது எக்ஸ்ரேல தெரியும், ஆனா நேரா எடுக்கற ஒரு படத்துல மட்டும் பாத்தா ஆரம்ப நிலைய தவற விட்டுடுவாங்க, பக்கவாட்டுப் படமும் வேணும். வழக்கமா தவளை உட்கார்ற மாதிரி காலை விரிச்சு எடுப்பாங்க, வலி ரொம்ப இருந்தா காலை வலுக்கட்டாயமா திருப்பாம வேற கோணத்துல எடுக்கணும். ரெண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கறது முக்கியம், ஒப்பிட்டுப் பாக்கவும் ஆச்சு, இது ரெண்டு பக்கமும் வரக்கூடியதும் கூட. உறுதியாச்சுன்னா அன்னிக்கே அட்மிட் பண்ணி ஸ்க்ரூ போடுவாங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும்போது ஈயத் தகடு வைக்கவே இல்ல, கேட்டா இப்பல்லாம் வைக்கறதில்லன்னு சொல்றாங்க. கருப்பைக்கு கெடுதல் ஆகாதா? அடுத்து சிடி ஸ்கேன் எடுக்கலாமான்னும் பேசறாங்க, எனக்கு பயமா இருக்கு.

பதில்: உங்க கோபம் புரியுது, நாங்களே வருஷக்கணக்கா "கண்டிப்பா வைக்கணும்"னு சொல்லிட்டு இப்ப வேண்டாங்கறோம். ஆனா காரணம் இருக்கு. 2019ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் இந்தத் தகட வழக்கமா வைக்கறத நிறுத்துங்கன்னு அறிக்கையே கொடுத்துச்சு. இப்ப இருக்கற மெஷின்ல கதிர் அளவு அந்தக் காலத்தவிட ரொம்பக் குறைவு. பெண் குழந்தைக்கு கருப்பையும் சினைப்பையும் எங்க இருக்குன்னு வெளியிலேர்ந்து கணிச்சு வைக்க முடியாது, பல நேரம் தகடு வேற இடத்துல உட்கார்ந்துக்கும். பாக்க வேண்டிய எலும்பையே மறைச்சு இன்னொரு படம் எடுக்க வைக்கும். அதுக்கும் மேல, மெஷின் தானா அளவு முடிவு பண்ற வகைன்னா நடுவுல ஈயம் வந்ததும் வெளிச்சம் பத்தலன்னு நினைச்சு கதிர கூட்டிடும்.

அளவப் பத்தி சொல்லணும்னா, மண்ணுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் உலகத்துல சராசரியா ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாவே விழுது. இடுப்பு எக்ஸ்ரே ஒண்ணு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் கீழ. சிடி அத விட பல மடங்கு, அதனால அங்க நீங்க கேள்வி கேக்கறது நியாயம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்தானான்னு மட்டும் தெரியணும்னா சிடி முதல் தேர்வு இல்ல, ஆரம்ப நிலைய அது தவற விடும், எம்ஆர்ஐல கதிரே கிடையாது. "சிடில எத தேடறீங்க, அது எம்ஆர்ஐல தெரியாதா"ன்னு கேளுங்க. பதில் தெளிவா வந்தா எடுங்க, வரலன்னா எம்ஆர்ஐ கேளுங்க. சிடி நிஜமா உதவுற ஒரு இடம் இருக்கு, அடுத்த கடிதத்துல வருது.

கேள்வி: 11 வயசு மகன். எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல தொடை எலும்பு கழுத்துல மஜ்ஜை வீக்கம், கட்டி இருக்கலாம்ங்கறத ஒதுக்க முடியாது, பயாப்ஸி (துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்றது) யோசிக்கலாம்னு எழுதியிருக்காங்க. ரெண்டு நாளா நாங்க யாரும் தூங்கல. (பேர் வேண்டாம்)

பதில்: உங்க கடிதத்த நாலு தடவை படிச்சேன். நீங்க அனுப்பின ரிப்போர்ட்ட வச்சு இது என்னன்னு நான் இங்கேர்ந்து சொல்லக் கூடாது, படத்த நேர்ல பாக்கணும். ஆனா "ஒதுக்க முடியாது"ங்கறது "இருக்கு"ங்கறது இல்ல. அந்த வெள்ளை, நீர் கோத்திருக்குன்னு மட்டும்தான் சொல்லும், ஏன் கோத்துச்சுன்னு சொல்லாது. விரிசல், தொற்று, கட்டி மூணுலயும் நீர் கோக்கும். இன்னொண்ணு, குழந்தைங்க தொடை எலும்புல ரத்தம் உண்டாக்கற சிவப்பு மஜ்ஜை நிறைய இருக்கும், அதுவே லேசா வெளுப்பா தெரிஞ்சு பழக்கமில்லாத கண்ண ஏமாத்தும், அதனாலதான் ரெண்டு இடுப்பையும் ஒரே படத்துல எடுத்து ஒப்பிடணும்.

பயாப்ஸிக்கு தேதி கொடுக்கறதுக்கு முன்னாடி, குழந்தைங்க எலும்புப் படம் பாக்கறதுலயே ஊறின ஒரு ரேடியாலஜிஸ்ட்கிட்ட முழுப் படத்தையும் டிஸ்க்ல போட்டுக் கொடுத்து, ரிப்போர்ட் மட்டும் இல்ல முழுப் படமும், ரெண்டாவது கருத்து வாங்குங்க. கூடவே பழைய எக்ஸ்ரே, பையன் எவ்ளோ ஓடினான், வலி எப்படி ஆரம்பிச்சதுங்கறதையும் எழுதிக் கொடுங்க. ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஆறிட்டு இருக்கற விரிசல்லேர்ந்து எடுத்த துணுக்க மைக்ரோஸ்கோப்ல பாத்தா அவசரமா வளர்ற புது எலும்பு செல்கள் புற்றுநோய் மாதிரியே தோண வாய்ப்பிருக்கு, அது எங்க துறைல எல்லாரும் பயப்படற பொறி. போதாக்குறைக்கு, விரிஞ்ச கழுத்துல ஓட்டை போட்டா அது இன்னும் பலவீனமாகும். டி1 படத்துல கழுத்துக்குக் குறுக்க கறுப்புக் கோடு, எலும்ப சுத்தி சதைல கட்டி இல்ல, ஓடின கதையும் பொருந்துதுன்னா, பல சமயம் காலை ஊனாம வச்சு நாலுலேர்ந்து ஆறு வாரம் கழிச்சு மறுபடி எம்ஆர்ஐ எடுத்தாலே விஷயம் வெளிய வந்துடும், விரிசல்னா குறைஞ்சிருக்கும்.

ஆனா காத்திருக்கக் கூடாத நிலையும் இருக்கு, அத மறைக்க மாட்டேன். காய்ச்சல், எடை குறையறது, ஓய்வுலயும் ராத்திரிலயும் வலி, தொட்டா தட்டுப்படற வீக்கம், ரத்தப் பரிசோதனைல கோளாறு, இதுல எது இருந்தாலும் எலும்புக் கட்டி பாக்கற பெரிய சென்டருக்கு உடனே போங்க, பயாப்ஸி தேவைன்னா கடைசில ஆபரேஷன் பண்ணப்போற அதே டீம்தான் அத எடுக்கணும். ராத்திரி வலி வந்து இபுப்ரோஃபென்ங்கற வலி மாத்திரை கொடுத்தா சட்டுன்னு அடங்குதுன்னா ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமான்னு ஒண்ணா இருக்கலாம், புற்றுநோய் இல்லாத சின்னக் கட்டி, அதோட நடுக் கரு ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும். எம்ஆர்ஐல சுத்தி இருக்கற வெள்ளை வீக்கம் அந்தக் கருவையே மூடிடும், மெல்லிசா வெட்டின சிடில பொட்டு மாதிரி தெளிவா தெரியும். மேல சொன்ன சிடி இதுக்குத்தான்.

கேள்வி: எம்ஆர்ஐக்கு பதிலா போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) எடுக்கலாமா?

பதில்: ஒரு காலத்துல அதுதான் வழி. ஊசி மூலமா லேசா கதிர் வீசற டெக்னீஷியம் ஏத்தி படம் எடுத்தா, எலும்பு எங்க சுறுசுறுப்பா வேலை செய்யுதோ அங்க சூடா, அதாவது அழுத்தமா தெரியும். குழந்தைக்கு வளர்ச்சித் தட்டெல்லாம் எப்பவுமே சூடாத்தான் தெரியும், தொடை எலும்பு கழுத்து அதுக்கு ஒட்டியே இருக்கறதால குழப்பம் அதிகம், கதிரும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கவே முடியாத நிலைன்னா மட்டும்.

கேள்வி: 5 வயசுக் குழந்தை நேத்து காலைலேர்ந்து நொண்டுது, போன வாரம் சளி இருந்துச்சு. இதுவும் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா இருக்குமா? எம்ஆர்ஐன்னா மயக்க மருந்து கொடுப்பாங்களாமே?

பதில்: இந்த வயசுல அது பெரும்பாலும் இல்ல. சளிக்கு அப்புறம் வர்ற தற்காலிக மூட்டு நீர்தான் அடிக்கடி பாக்கறது, அல்ட்ராசவுண்ட்லயே நீர் தெரிஞ்சுடும், மயக்கமும் வேண்டாம் கதிரும் இல்ல. ஆனா காய்ச்சல் இருந்து காலை ஊனவே மாட்டேங்குதுன்னா மூட்டுல சீழ் இருக்கலாம், மறுநாள் வரைக்கும் கூட காத்திருக்காதீங்க. நொண்டல் வாரக்கணக்குல போனா பெர்த்தஸ் நோய்க்காக, அதாவது இடுப்புப் பந்துக்கு ரத்தம் குறையற நோயான்னு பாக்க, எக்ஸ்ரே எடுக்கணும். எம்ஆர்ஐன்னு வந்தா சின்னக் குழந்தைங்க அரைமணி முக்கால்மணி அசையாம படுக்க முடியாதுங்கறதாலதான் மயக்கம், கொஞ்சம் பெரிய குழந்தைன்னா சத்தத்த முன்னாடியே பழக்கி, காதுக்கு அடைப்பு வச்சு, அம்மாவ பக்கத்துல உட்கார வச்சு எடுத்துடுவோம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் பாக்க வழக்கமா கான்ட்ராஸ்ட் ஊசியும் (படத்துல பளிச்சுன்னு காட்டப் போடற மருந்து) தேவைப்படாது.

கேள்வி: டாக்டர், எனக்கு 15 வயசு. இடுப்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அடிப்பக்கம்னு சொன்னாங்க. போன வருஷம் கணுக்கால் மேல ஒண்ணு வந்துச்சு. ஏழு வாரமா க்ரட்ச், இப்ப வலி இல்ல, ஆனா மறுபடி எடுத்த எம்ஆர்ஐல இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்காம். நான் திரும்ப ஓடவே முடியாதா? அம்மாக்குத் தெரியாம எழுதறேன், நாலு மாசமா பீரியட்ஸ் வரல, எடை குறைஞ்சா வேகமா ஓடலாம்னு சாப்பாட்ட குறைச்சேன்.

பதில்: ஓடுவம்மா. கடைசி வரிய எழுதினியே, அதுதான் இந்த கடிதத்துலயே முக்கியமான வரி, ரொம்ப தைரியமா எழுதியிருக்க.

சாப்பாடு பத்தலன்னா உடம்பு முதல்ல பீரியட்ஸ நிறுத்தும், கூடவே ஈஸ்ட்ரோஜென்ங்கற ஹார்மோன் குறையும், அது குறைஞ்சா எலும்ப சுரண்டுற வேலை கூடி, பூசுற வேலை ஈடு கொடுக்க முடியாம போகும். மேல முதல் கடிதத்துல சுரண்டறது பூசறதுன்னு சொன்னேன்ல, உனக்கு ஓட்டம் மட்டும் காரணம் இல்ல, பூசறதுக்கு சாந்தே போய்ச் சேரல. ஒரு வருஷத்துல ரெண்டாவது தடவைங்கறப்ப அத தேடித்தான் ஆகணும். அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லு, முடியலன்னா இந்தப் பக்கத்த கிழிச்சு கைல கொடு. வைட்டமின் டி, கால்சியம், ஹார்மோன் ரத்தப் பரிசோதனையும், எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுக்கச் சொல்லுவாங்க. அந்த ஸ்கேன வளர்ற வயசுல முதுகெலும்புலயும் தலைய விட்ட முழு உடம்புலயும்தான் அளக்கணும், உன் வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிடற இசட் ஸ்கோர்தான் பாக்கணும். பெரியவங்களுக்கான டி ஸ்கோர வச்சு யாராவது எலும்புத் தேய்மானம்னு சொன்னா பயந்துடாத.

எம்ஆர்ஐல மிச்சமிருக்கற வெள்ளைக்காக கவலைப்படாத. எலும்பு ஒட்டி வலி போன அப்புறமும் அந்த நீர் வத்த மாசக்கணக்குல ஆகும், படம் முழுசா கறுக்கட்டும்னு காத்திருக்கத் தேவையில்ல. கறுப்புக் கோடு போச்சா, குறைஞ்சுதாங்கறதுதான் கேக்க வேண்டியது, அத உன் எலும்பு டாக்டர் ரிப்போர்ட்ல பாத்துச் சொல்வார். அவர் சரின்னதும் முதல்ல க்ரட்ச் இல்லாம வலியே இல்லாம நடக்கணும், ரெண்டு வாரம். அப்புறம் நீச்சல், சைக்கிள். பீரியட்ஸ் திரும்ப வர்றதுக்கான சிகிச்சையும் சாப்பாடும் ஓடிட்டு இருக்கணும். அதுக்கு அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிஷம் மெதுவா ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, அஞ்சு தடவை. தொடை இடுக்குல லேசா வலிச்சாலும் அங்கேயே நிறுத்திட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணு.